பங்குதாரர் கடிதத்தை யார் படிக்கிறார்?

போன வருடம் மேற்கு மாம்பலத்தில் என் பெரியப்பாவுக்கு ஒரு தபால் வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அவர் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து. ஒற்றைத் தாள். மேலே ஃபோலியோ எண், பெயர், விலாசம். ‘அன்புள்ள உறுப்பினருக்கு’ என்று ஆரம்பித்து, ஆண்டறிக்கையை இன்ன இணையப் பாதையில் படித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு முகவரியை அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் தபால்தலை அளவில் ஒரு க்யூ.ஆர். கட்டம். கடைசியில் கம்பெனிச் செயலாளரின் கையெழுத்து. அதுவும் ஸ்கேன் செய்து ஒட்டியதுதான்.

“அறிக்கை எங்கடா?” என்றார் பெரியப்பா.

“இந்தக் கட்டத்துக்குள்ள இருக்கு பெரியப்பா.”

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

போனை அந்தக் கட்டத்தின் மேல் காட்டினேன். அது கம்பெனியின் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டது. முழுப் பாதையையும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. ஆங்கிலச் சிறிய ‘எல்’லா, எண் ஒன்றா என்று தெரியாத ஓர் எழுத்தால் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறையில் முந்நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் பி.டி.எஃப். இறங்கியது. தலைவரின் கடிதம் பதினோராம் பக்கத்தில், அவர் கைகட்டி நிற்கும் படத்தோடு. பெரிய தாளுக்கென்று இரண்டு பத்திகளாக அமைத்த பக்கம் அது. பெரியப்பா இரண்டு நிமிடம் விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கம்பெனி செய்தது சட்டப்படி சரி. மின்னஞ்சல் முகவரி பதிவு செய்யாத பங்குதாரருக்கு ஆண்டறிக்கை இருக்கும் இணைய இடத்தின் துல்லியமான பாதையைக் கடிதமாக அனுப்பினால் போதும் என்று 2024 டிசம்பரில் இந்தியப் பங்குச்சந்தை வாரியமான செபி தன் விதிகளைத் திருத்தியது. ஆக, தபால்காரர் இன்றும் கடிதம் கொண்டுவருகிறார். அதில் இருப்பது இன்னொரு கடிதத்தின் விலாசம்.

கணினி வந்ததால் பங்குதாரர் கடிதம் மலிவாயிற்று, வேகமாயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது, அந்தக் கடிதம் யாரை நோக்கி எழுதப்படுகிறது என்பதே மாறிவிட்டது. முப்பது ஆண்டுகளில் அந்த மாற்றம் படிப்படியாக நடந்திருக்கிறது. அதன் தடயங்களும் பொது ஆவணங்களில் இருக்கின்றன.

முதலில், ஆண்டறிக்கையில் தலைவர் பங்குதாரருக்கு எழுதும் இந்தக் கடிதத்தின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆண்டறிக்கையில் வரவுசெலவுக் கணக்கு சட்டப்படி கட்டாயம், அதைத் தணிக்கையாளர் சோதிக்கிறார். இயக்குநர் குழுவின் அறிக்கையும் கட்டாயம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 134ஆம் பிரிவு அடுக்கிச் சொல்கிறது. தலைவரின் கடிதத்தை மட்டும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. தணிக்கையாளர் அதற்குச் சான்று கொடுப்பதில்லை. கம்பெனியை நடத்துகிறவர் தன் குரலில் பேசக்கூடிய ஒரே இடம் அது என்பதால்தான் அதற்கு மதிப்பு. ஏமாற்றவும் அதுவே வசதியான இடம்.

நம் ஊரில் இது கடிதமாக இருந்ததைவிடப் பேச்சாக இருந்த காலம் அதிகம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் படித்த உரையை மறுநாள் ஆங்கில நாளிதழில் அரைப் பக்க விளம்பரமாகப் போடுவார்கள். ‘இது கூட்ட நடவடிக்கைகளின் பதிவு ஆகாது’ என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இந்துஸ்தான் லீவர் தலைவர்களின் ஆண்டு உரைகள் சோப்பு விற்பனையைத் தாண்டி, நாட்டின் பொருளாதாரப் பிரச்சினை ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு பேசும். அவை தனிப் புத்தகமாகவே அச்சாகிச் சுற்றின. சென்னையில் மியூசிக் அகாதமியிலும் நாரத கான சபாவிலும் நடந்த கூட்டங்களுக்குப் பெரியப்பா தவறாமல் போவார். அறிக்கைப் புத்தகத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வரும் அந்தக் கூட்டத்தில் டிபன் பொட்டலத்துக்காக வந்தவர்களும் உண்டு. பக்கம் எண் சொல்லிக் கேள்வி கேட்டவர்களும் உண்டு.

உலகத்தில் மிக அதிகம் பேர் படித்த பங்குதாரர் கடிதம் எது என்றால் அநேகமாக பெர்க்‌ஷையர் கம்பெனியை நடத்திய வாரன் பஃபெட்டுடையது. கணினிக்கும் கடிதத்துக்கும் உள்ள உறவு அங்கே விசித்திரமானது. பஃபெட்டின் மேசையில் கணினி கிடையாது. 1991இல் பில் கேட்ஸைச் சந்தித்தபோது கேட்ஸ் எவ்வளவோ சொல்லியும் அவர் மசியவில்லை. சில ஆண்டு கழித்து ஒன்று வாங்கியதும் வீட்டிலிருந்தபடி சீட்டாடத்தான். கடிதத்தைக் கையால் எழுதுவார். ஃபார்ச்சூன் பத்திரிகையாளர் கேரல் லூமிஸ் 1977 முதல் அவற்றைச் செம்மை பார்த்துக் கொடுத்தார். எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரையும் மனத்தில் வைத்துக்கொள்வதாக, 1998இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமான எஸ்.இ.சி. வெளியிட்ட எளிய ஆங்கிலக் கையேட்டின் முன்னுரையில் பஃபெட் சொல்கிறார். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் படித்தவர்கள் அல்ல. ஓர் ஆண்டு வெளியூர் போய் வந்த அக்கா தங்கைக்கு நடந்ததைச் சொல்வதுபோல எழுதுவார். டோரிஸ் 2020இல் காலமானபின் பெர்ட்டி ஒருவர்தான் மிச்சம்.

பெர்க்‌ஷையரின் இணையதளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, நீல நிற இணைப்புகளின் ஒரு பட்டியல். 1977ஆம் ஆண்டுக் கடிதத்தைத் திறந்தால் தட்டச்சுப் பொறியின் எழுத்தில், வரிகள் ஒரே அகலத்தில், அறுபது எழுபது எழுத்துகளில் உடைந்து நிற்கும். ஒரு காலத்தில் பங்கு வைத்திருந்தவர்களின் வீட்டுக்கு மட்டும் போன தாள்கள் அவை. மற்றவர்கள் நகல் எடுத்துக் கைமாற்றிப் படித்தார்கள். இணையதளம் வந்தபின் ஒரு பங்குகூட வாங்க முடியாத கோயம்புத்தூர் கல்லூரி மாணவரும் அதே நொடியில் அதைப் படிக்கலாம் என்றாயிற்று. பஃபெட் அதைச் சனிக்கிழமை காலையில் வெளியிடும் வழக்கத்தை வைத்துக்கொண்டார். சந்தை மூடியிருக்கும் இரண்டு நாளில் எல்லோரும் நிதானமாகப் படிக்கட்டும் என்று. கணினியின் வேகத்தைத் தெரிந்தே மட்டுப்படுத்திய வழக்கம் அது. 2025 நவம்பரில், இனி ஆண்டறிக்கைக் கடிதத்தைத் தான் எழுதப்போவதில்லை என்று அவர் அறிவித்தபோது, சந்தைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் வருத்தப்பட்டார்கள்.

இதே காலத்தில் எஸ்.இ.சி.யில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. நிறுவனங்கள் தாளில் கொண்டுவந்து குவித்த அறிக்கைகளைக் கணினிக்கு மாற்றும் ‘எட்கர்’ திட்டம் 1984இல் சோதனையாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் எல்லா உள்நாட்டு நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. அதைப் பொதுமக்களுக்கு இலவசமாக இணையத்தில் போட்டவர் அரசு அதிகாரி அல்ல. கார்ல் மலமுட் என்ற தனி மனிதர் நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைச் செய்தார். சுமார் இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு 1995இல் ‘நான் நிறுத்தப் போகிறேன், வேண்டுமானால் அரசைக் கேளுங்கள்’ என்று அறிவித்தார். மக்கள் கேட்டார்கள். ஆணையம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. தகவல் உரிமைக்காகப் போராடியவர்கள் நம் ஊரிலும் உண்டு என்பதால் அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விவரம் இருக்கிறது. எட்கரில் கட்டாயமாக ஏறியது ‘பத்து-கே’ எனப்படும் சட்டபூர்வ அறிக்கை. தலைவரின் கடிதத்தைத் தாங்கிய வழவழப்புத் தாள் ஆண்டறிக்கை அதில் ஏறவில்லை. அதன் ஏழு அச்சுப் பிரதிகளை ஆணையத்துக்கு அனுப்பினால் போதும் என்று நெடுங்காலம் இருந்தது. 2016இல் அதற்குப் பதில் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு வைத்தாலும் சரி என்றார்கள். மின்வடிவில் எட்கரில் சேர்க்க வேண்டும் என்பது 2023 ஜனவரியில்தான் கட்டாயமாயிற்று. அதாவது, சட்ட அறிக்கையைக் கணினிகள் கால் நூற்றாண்டாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருக்க, கடிதம் பெரும்பாலும் அவற்றின் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்றது. அந்த அடைக்கலம் இப்போது போய்விட்டது.

கணினி எப்படிப் படிக்கிறது? ஆரம்பத்தில் மிக மட்டமாகத்தான் படித்தது. நல்ல சொல், கெட்ட சொல் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு எண்ணும். முதலில் கையிலிருந்தது ஹார்வர்டில் உளவியல், சமூகவியல் ஆய்வுக்காகத் தொகுத்த சொற்பட்டியல். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் டிம் லாஃப்ரன், பில் மெக்டொனால்ட் இருவரும் 1994 முதல் 2008 வரையிலான பத்து-கே அறிக்கைகளை வைத்து அதைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பட்டியல் கெட்ட சொல் என்று எண்ணியவற்றில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு நிதி அறிக்கையில் கெட்டதே அல்ல. வரி, செலவு, மூலதனம், கடன்பொறுப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் கெட்ட சொற்கள். எந்தக் கம்பெனி இவை இல்லாமல் கணக்குக் காட்டும்? ‘வைஸ்’ என்றால் ஆங்கிலத்தில் தீயொழுக்கம் என்றும் பொருள், ஆகவே வைஸ் பிரசிடெண்ட் அதிகம் உள்ள நிறுவனம் தீய நிறுவனம். ‘க்ரூட்’ என்றால் முரட்டுத்தனம், ஆகவே எண்ணெய்க் கம்பெனிக்குப் பாதகம். புற்றுநோய் மருந்து செய்கிறவன் கதி சொல்லவே வேண்டாம். நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்கு இடம்பார்த்துப் பொருள் சொன்னதுபோல, அந்த இருவரும் நிதித் துறைக்கென்று தனிச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்துப் பொதுவில் வைத்தார்கள்.

பொதுவில் வைத்ததுதான் கதையின் திருப்பம். பட்டியல் வாசகனுக்குக் கிடைத்தால் எழுத்தாளனுக்கும் கிடைக்கும் அல்லவா? ஷான் காவ், வெய் ஜியாங், பவோஜோங் யாங், ஆலன் ஜாங் என்ற நான்கு ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எட்கரிலிருந்து அறிக்கைகளை இறக்கும் கணினிகளின் தடங்களை எண்ணினார்கள். மனிதர் அல்லாத தானியங்கி நிரல்கள் இறக்கியவை 2003இல் சுமார் 3.6 லட்சம். 2016இல் சுமார் 16.5 கோடி. எந்தெந்த நிறுவனங்களின் அறிக்கைகளை இயந்திரங்கள் அதிகம் இறக்குகின்றனவோ, அந்த நிறுவனங்கள் 2011க்குப் பிறகு, லாஃப்ரன்–மெக்டொனால்ட் பட்டியலில் உள்ள கெட்ட சொற்களைக் குறைத்துக்கொண்டன. ஹார்வர்ட் பட்டியலில் மட்டும் உள்ள சொற்களில் அந்த மாற்றம் இல்லை. அட்டவணைகளையும் இயந்திரம் எளிதில் பிரித்தெடுக்கும்படி அமைத்தார்கள். தொலைபேசிக் கூட்டங்களில் குரலின் ஏற்ற இறக்கத்தையும் மென்பொருள் அளக்கத் தொடங்கியதும் அதிகாரிகளின் பேச்சுத் தொனியே மாறியது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

இதை நான் படித்தபோது உடனே நினைவுக்கு வந்தது, விடைத்தாள் திருத்துகிறவர் எந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டு மார்க் கொடுப்பார் என்று தெரிந்துகொண்டு எழுதும் பையன். அவன் பொய் எழுதவில்லை. ஆனால் அவன் யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. நஷ்டத்தை நஷ்டம் என்று சொல்லாமல் சவால் என்று சொல்லும் பழக்கம் கணினிக்கு முன்பே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அப்போது அது மனிதனின் முகம் கோணக் கூடாது என்பதற்காக. இப்போது இயந்திரம் போடும் ஓர் எண் கீழே போகக் கூடாது என்பதற்காக.

எழுதும் பக்கத்திலும் கணினி தன் வேலையைக் காட்டியது. சொற்செயலி மென்பொருள் வந்ததும் போன வருடத்துக் கோப்பைத் திறந்து, ஆண்டை மாற்றி, இரண்டு பத்தி சேர்த்துச் சேமிப்பது வழக்கமாயிற்று. சேர்ப்பது எளிது. எடுப்பதற்குத்தான் நான்கு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். பத்து-கே அறிக்கையின் இடைநிலை நீளம் 1996இல் சுமார் 23,000 சொற்கள், 2013இல் ஏறக்குறைய 50,000. லாரன் கோஹன், கிறிஸ்டோபர் மலாய், குவாக் நுயென் மூவரும் 1995 முதல் 2014 வரையிலான அறிக்கைகளை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாசகத்தை மாற்றிய நிறுவனங்களின் பங்குகள் பிற்பாடு மோசமாகப் போயின. மாற்றாதவற்றை வாங்கி மாற்றியவற்றை விற்றிருந்தால், அதிகபட்சக் கணக்கில் ஆண்டுக்கு 22 சதவீதத்துக்கு மேல் கூடுதல் லாபம் கிடைத்திருக்குமாம். வெட்டி ஒட்டுவதே இயல்பாகிவிட்ட இடத்தில், ஒருவன் மெனக்கெட்டு ஒரு வரியை மாற்றினால் அதற்குக் காரணம் இருக்கும். அந்த வரி எல்லோர் கண்முன்னும்தான் இருந்தது. படித்தவர்தான் இல்லை.

ட்விட்டர், ஃபேஸ்புக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெட்ஃப்ளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2012 ஜூலையில், மாதப் பார்வை நேரம் 100 கோடி மணியைத் தாண்டியதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதி விசாரணைக்கு ஆளானார். எந்தத் தளத்தில் சொல்லப்போகிறோம் என்று முன்கூட்டியே முதலீட்டாளருக்குத் தெரிவித்திருந்தால் அதுவும் சரியே என்று 2013 ஏப்ரலில் எஸ்.இ.சி. விளக்கியது. ஈலான் மஸ்க் 2018 ஆகஸ்டில் டெஸ்லாவின் எல்லாப் பங்குகளையும் பங்குக்கு 420 டாலர் வீதம் வாங்கிக்கொள்ளப் பணம் தயார் என்று ட்விட்டரில் ஒரே வரியில் எழுதியதற்கு, அவரும் கம்பெனியும் தலா 2 கோடி டாலர் கட்டினார்கள், அவர் தலைவர் பதவியையும் விட்டார். கம்பெனிச் செயலாளரும் வக்கீலும் பார்த்துத் திருத்திய கடிதத்துக்கு ஒரு பயன் இருந்தது என்பதை அந்த 4 கோடி டாலர் காட்டுகிறது.

இந்தியாவில் தாள் போன கதை வேறு. 2011 ஏப்ரலில் கம்பெனி விவகார அமைச்சகம் ‘பசுமை முயற்சி’ என்ற பெயரில் இரண்டு சுற்றறிக்கைகள் விட்டது. மின்னஞ்சலில் அனுப்பினாலே அனுப்பியதாகும். மரம் பிழைக்கும் என்றார்கள். கம்பெனியின் அச்சுச் செலவும் தபால் செலவும் பிழைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 2020இல் பொதுமுடக்கத்தின்போது கூட்டம் காணொளியில் நடத்த அனுமதி வந்தது, அச்சுப் பிரதி அனுப்புவதிலிருந்தும் விலக்கு வந்தது. பெருந்தொற்று போயிற்று, காணொளி போகவில்லை. இன்று பெரியப்பாவுக்கு வரும் தாள் தபால் பெரும்பாலும் பங்குப் பதிவாளரிடமிருந்து: பான் கொடு, வாரிசு நியமனம் கொடு, வங்கிக் கணக்கு கொடு. கேட்கும் கடிதங்கள் தாளில் வருகின்றன. சொல்லும் கடிதம் மட்டும் இணையத்துக்குப் போய்விட்டது.

மொழி என்று ஒன்றும் இருக்கிறது. பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் இருந்தால் காலாண்டு முடிவு விளம்பரம் தமிழ் நாளிதழிலும் வர வேண்டும் என்பது விதி. தலைவரின் கடிதத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நான் பார்த்தவரை எல்லாம் ஆங்கிலம்தான். இப்போது போனே மொழிபெயர்த்துத் தருகிறதே என்று ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். கம்பெனி வெளியிட்டு மக்கள் கையில் இருக்கும் பங்குகளை ஆங்கிலத்தில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்பார்கள். போன் அதைச் ‘சிறந்த பங்குகள்’ ஆக்கியது. சொற்பட்டியலை வைத்து எண்ணியிருந்தால் அது நல்ல சொல் கணக்கில் ஏறியிருக்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் எழுதும் மேசையிலும் இயந்திரம் உட்கார்ந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் தலைமையிலான ஒரு குழு, 2024 இறுதிவாக்கில் நிறுவனங்களின் செய்திக்குறிப்புகளில் சுமார் நாலில் ஒரு பங்கு வாசகத்தில் இத்தகைய மென்பொருளின் கை இருப்பதாகக் கணக்கிட்டது. பங்குதாரர் கடிதம் மட்டும் தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒரு பக்கம் இயந்திரம் எட்டுக் குறிப்புகளை நான்கு பக்கமாக விரிக்கிறது. மறு பக்கம் இன்னொரு இயந்திரம் அந்த நான்கு பக்கத்தை எட்டுக் குறிப்புகளாகச் சுருக்குகிறது. அந்த எட்டை நேராகவே அனுப்பியிருந்தால் மின்சாரமாவது மிஞ்சியிருக்கும்.

பெரியப்பாவின் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. அச்சுப் பிரதி வேண்டுமானால் மின்னஞ்சலில் எழுதிக் கேட்கலாம் என்று. அவர் சொல்ல நான் எழுதினேன். மூன்று வாரம் கழித்துக் கூரியரில் கனமான புத்தகம் வந்தது. பொதுக்கூட்டம் முடிந்து அன்றைக்கு நான்காம் நாள்.

மறுநாள் போனபோது புத்தகம் ஊஞ்சல் பலகையில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த 2019ஆம் ஆண்டு அறிக்கை, கடைசியாகத் தபாலில் வந்தது. இரண்டு கடிதங்களையும் சிவப்பு மைப் பேனாவோடு வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊழியர்களே நம் சொத்து என்ற பத்தி ஒரு சொல் மாறாமல் இரண்டிலும் இருந்தது. அதன்கீழ் கோடு போட்டிருந்தார். 2019இல் அரைப் பக்கத்துக்கு ஒரு புது ஆலையைப் பற்றி எழுதியிருந்தார்கள், நிலம் வாங்கியாயிற்று, பதினெட்டு மாதத்தில் உற்பத்தி என்று. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“இதுல அந்த ஆலை பேச்சே இல்லையேடா. என்ன ஆச்சு அது?”

“தெரியல பெரியப்பா.”

“அடுத்த ஏ.ஜி.எம். எங்க? அகாதமியா?”

“கம்ப்யூட்டர்லதான். பேசணும்னா முன்னாடியே பேர் பதிவு பண்ணணும்.”

“பண்ணு” என்றார். கேள்வியை ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி, பக்க எண்ணும் போட்டு, 2019 அறிக்கைக்குள் செருகி வைத்தார்.